பூ விழுந்த புத்தகம்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. பண்டிகைச் சமையல், கவிதை, வாசிப்பு மூன்றையும் சேர்த்து நவராத்திரி மலருக்கு "இதமாக" ஏதாவது எழுதித் தரும்படி ஒரு பத்திரிகையாசிரியர் கேட்டார். ஆண் எழுத்தாளர்களிடம் அவர் அரசியல் கேட்டிருந்தார். கடலையை ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் வந்தது:

சமையலும் கவிதையும் ஒன்றுதான், இரண்டுக்கும் பக்குவம்

அதற்கு மேல் போகவில்லை. பொய். சமைத்தது தீர்ந்துபோனால் மறுநாள் மறுபடியும் கேட்பார்கள். கவிதையைக் கேட்டு யாரும் மறுநாள் வந்ததில்லை.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமியில் எடுத்துத் தரும்வரை ஓர் எழுத்தும் வாசிக்கக் கூடாது. கல்விக்கென்று இருக்கும் ஒரே நாளில் வாசிப்புக்குத் தடை. சுண்டலுக்குத் தடை இல்லை. இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பரிமளம் வந்தாள்.

2

(அவள் என் முன்னோர்களில் ஒருத்தி அல்ல. இன்று காலை நான் உண்டாக்கியவள். குடும்பப் படம் கேட்டு எழுதாதீர்கள்.)

ஆண்டு 1913. இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் முத்தையாவின் மளிகைக் கடை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் அங்கிருந்துதான் போகும். கடைக்குப் பின்னால் வீடு. பரிமளம் அவருடைய மகன் தங்கராஜாவைக் கட்டிக்கொண்டு மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள். கொண்டுவந்த பெட்டியில், சேலைகளுக்கு அடியில், ஒரு பாட்டுப் புத்தகம்.*

முதலில் அவளுக்குக் கவி எழுத வரும் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். எழுதுகிற பெண்ணுக்காக இரங்க நமக்குத் தெரியும். வாசிக்க மட்டுமே ஆசைப்படுகிறவளுக்காக இரங்கிப் பழக்கமில்லை.

நாளுக்கு ஒரு பாட்டு, சோறு கொதிக்கும் நேரத்தில். அடுத்த பாட்டுக்குக் கண் ஓடினால் மூடிவிடுவாள். தீர்ந்துபோனால் இந்த மழைக்கும் பனிக்கும் நடுவில் இன்னொரு புத்தகத்துக்கு எங்கே போவது? அப்படிச் சிக்கனம் பிடித்ததில், வந்த முதல் நவராத்திரிக்கு அதில் பாதி இன்னும் வாசிக்கப்படாமலே இருந்தது.

* பெயர் கேட்காதீர்கள். சொன்னால், வாசித்தவர்கள் "ஓ, அதுவா" என்பார்கள். அவளுக்குக் கிடைக்காத பாதி உங்கள் கையில் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது.

3

பூஜை நாள். பக்கத்துத் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து பண்டிகை வேலைக்கு வருகிற வேலாயி உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தராசுக்குப் பொட்டு, எடைக்கல்லுக்குப் பொட்டு. இன்னைக்கு எல்லாத்துக்கும் ஓய்வு. இந்த ஆட்டுக்கல்லுக்கும் பொட்டு வச்சீங்க. வச்சுட்டு ஆட்டச் சொல்றீங்க."

"வாய ஆட்டாம கைய ஆட்டு," என்றாள் மாமியார் ரெங்கம்மா.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க ஆடும்."

பரிமளம் சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய், புத்தகத்தை எடுத்துவந்து கடைக் கணக்கேடுகளின் மேல் தானே வைத்தாள். யாரும் கேட்கவில்லை. ஆண்களின் ஏடுகளோடு தன்னுடையதும் சேர்ந்து உட்கார்ந்ததில் அவளுக்கு ஒரு பெருமை. (இந்தப் பெருமையை எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். இருக்கட்டும். இதுதான் அதிகம் வலிக்கிறது.)

சாயங்காலம் முத்தையா கற்பூரம் காட்டியபோது, சரஸ்வதி படத்தில் சாத்தியிருந்த செவ்வந்திகளில் ஒன்று நழுவி அவள் புத்தகத்தின் மேல் விழுந்தது.

"பூ குடுத்துட்டா ஆத்தா," என்று ரெங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

4

விஜயதசமிக் காலையில் முத்தையா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தங்கராஜா கணக்கேட்டை வாங்கி, பிரித்து, ஒரு வரி வாசித்தான். பரிமளம் கையை நீட்டினாள்.

"மாமா, என் புஸ்தகம்."

"அதெப்படிம்மா? சாமி பூ போட்டு வாங்கிக்கிட்டது. திருப்பி எடுத்தா தெய்வக் குத்தமாயிரும்."

"இன்னும் பாதி படிக்கலைங்க மாமா."

"எங்க கணக்குப் புஸ்தகத்துக்கே இந்த மருவாதி கெடைக்கல," என்றாள் ரெங்கம்மா. "சந்தோசப்படுவியா, மொகத்தத் தூக்கி வச்சுக்குவியா?"

அவள் கணவனைப் பார்த்தாள். தங்கராஜா நல்லவன். அதுதான் எனக்குச் சிக்கல்.

"அங்கேயே இருந்தா பத்திரமாத்தான இருக்கும்," என்றான். "கரையான் அரிக்காது."

ரெங்கம்மா அதைச் சிவப்புப் பட்டில் சுற்றிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். கொடுமைக்காரி ஒருத்தி பிடுங்கி அடுப்பில் போட்டிருந்தால் எனக்கு எழுதச் சுலபம். இங்கே எல்லோரும் கும்பிட்டார்கள். கும்பிட்டே எடுத்துக்கொண்டார்கள்.

5

பூவை விழவைத்தவள் நான்தானே. அதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். பூ விழவில்லை, முத்தையா புத்தகத்தை எடுத்தார். "தர்றேம்மா, மொதல்ல எலையப் போடு" என்றார். இலை போட்டாள். பிறகு சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிறகு தீபாவளிப் பலகாரம். பிறகு அவள் முழுகாமல் இருந்தாள், வயிற்றுப்பிள்ளைக்காரி கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். பிறகு

நிறுத்திவிட்டேன். பூவே தேவையில்லை. பூ விழுந்தால் காரியம் சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். அதைத் திரும்பவும் விழவைத்தேன்.

6

முடிவுகள்.

அவள் துணிந்து பட்டை அவிழ்த்து வாசிக்கிறாள். எழுதிப் பார்த்தேன், கை வேகமாக ஓடியது. வாசித்தபோது அதில் இருந்தது நான், அவள் இல்லை.

வாசித்த பாதியை மனசுக்குள் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பாட்டாக மறக்கிறாள். இது நடந்திருக்கும். நடந்திருக்கும் என்பதாலேயே எழுத மாட்டேன்.

வாசிக்காத பாதியைத் தானே பாடிக் கவியாகிறாள். பத்திரிகையாசிரியருக்கு இது பிடிக்கும். பறித்துக்கொண்டதற்கு ஒரு நன்மை கற்பிக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

ஆகவே அவளைப் பூஜையறையிலேயே விட்டு வைத்திருக்கிறேன். விளக்கை எடுத்துத் துலக்க வந்தவள். கடையில் ஆண்கள். பட்டு மூட்டை கைக்கெட்டும் தூரத்தில். அடுப்படியிலிருந்து ரெங்கம்மா கூப்பிடுகிறாள்: "பரிமளம், எண்ணெ காயுது பாரு. யாரு வடை தட்டுறது?"

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவைக்கப் போவதில்லை. முடிவு வேண்டும் என்கிறவர்கள் முதலில் போய் அந்தச் சட்டியை இறக்கி வையுங்கள்.