இரண்டு முறை வந்த பெயர்

1

வாயால் சொல்லத் தைரியமில்லாததை எழுதிக் காட்டிவிடலாம் என்ற கோழைத்தனத்தில் பிறந்த கதை இது. நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அப்பா. அச்சகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒற்று மிகுமா மிகாதா, அதுதான் அவர் கவலை. ஒரே சொல் இரண்டு முறை வந்தால் யோசிக்காமல் ஒன்றை அடிப்பார். தவறாக அடித்துவிட்டால் கீழே புள்ளிகள் வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்.

2

முதல் தொடக்கம்: "போரின் புகைமண்டலத்தினூடே ஒரு தையல்காரர்..."

(நிறுத்து. புகையையும் நான் பார்த்ததில்லை, தாத்தாவையும் பார்த்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது தாத்தா படையில் சேர்ந்தார். சீருடை தைக்கும் வேலை. பிறகு 'காணவில்லை' என்று ஒரு தந்தி வந்தது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் இதய அறுவைச் சிகிச்சை.

"செத்தாரா, இல்ல எங்கள வேணாம்னு போயிட்டாரா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்டா. அப்புறம் கத்தி வைக்கட்டும்."

தேடுகிறேன் என்றேன். கிடைத்தபின், கிடைக்கவில்லை என்று மென்று முழுங்கினேன்.

3

படைப் பதிவுகளில் தாத்தாவின் பெயர் இல்லவே இல்லை. ஒருநாள் காப்பகத்தில் படிவம் நிரப்பும்போது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் வழக்கம்போல் அப்பா பெயரை எழுதினேன். நமக்கேது குடும்பப் பெயர்? சட்டென்று பேனா நின்றது. தாத்தாவும் இதைத்தானே செய்திருப்பார்! தலைப்பெழுத்தை விரித்துச் சொல்லியிருப்பார், படையில் அதையே அவர் பெயராக்கியிருப்பார்கள். கொள்ளுத்தாத்தா பெயரில் தேடினேன். இருந்தார். 'பின்வாங்கும்போது காணவில்லை.'

அதே பெயர், அதே பிறந்த ஊர், அதே தொழில், போருக்குப் பிந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இருந்தது. தொலைவில் ஒரு துறைமுக நகரம். மனைவி. மூன்று வயது மகன்.

மகனின் பெயர் [ ]. அப்பாவின் பெயர் [ ].

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கே: கையெழுத்துப் பிரதியில் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை.)

4

முடிவு அ: தாத்தா போரிலேயே இறந்தார். (பொய். அப்பா நிம்மதியாகப் படுப்பார், எனக்குத் தூக்கம் போகும்.)

முடிவு ஆ: பழைய மகனை மறந்துவிட்டுப் புதுக் குடும்பம் கண்டார். (மறந்தவர் அந்தப் பெயரை ஏன் வைக்கிறார்?)

முடிவு இ: போரின்போது எங்கள் தெருவில் குண்டு விழுந்தது. அப்பாவும் அவருடைய அம்மாவும் தப்பியது தெரியாமல், ரெண்டு உயிரும் போச்சு என்று யாரோ தாத்தாவிடம் சொல்லியிருக்கலாம். போன பிள்ளையின் பெயரைத்தானே அடுத்த... (குண்டு விழுந்தது உண்மை. மற்றதற்கு ஆதாரமில்லை. ஆசைதான்.)

முடிவு ஈ:

"இன்னும் எத்தன முடிவுதான் எழுதுவீங்க? மாமா ரெண்டு தடவ கேட்டுட்டாரு" என்று என் மனைவி தாள்களை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

5

கதவோரம் நின்று பார்த்தேன். முதல் பக்கத்தில் அப்பா ஒரு 'ப்' சேர்த்தார். மூன்றாம் பகுதிக்கு வந்தார். பழக்கதோஷத்தில் சிவப்புப் பென்சில் ஒரு பெயரை அடித்தது. எந்தப் பெயரை என்று எனக்குத் தெரியவில்லை. கை அங்கேயே நின்றது. மாத்திரை எங்கே இருக்கிறது என்று என் கண்கள் தேடின.

பிறகு அடித்ததன் கீழே புள்ளி புள்ளியாக வைத்தார். ஓரத்தில் எழுதினார்: 'இருக்கட்டும்'.

"எந்த முடிவுப்பா வச்சுக்கலாம்?"

"நான் பிழைதான் பாப்பேன். முடிவெல்லாம் உன் பாடு." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "முதல்ல என் தம்பி உசுரோட இருக்கானான்னு பாரு."

ஆகவே மூன்று முடிவுகளையும் உங்களிடம் விட்டுவிட்டுக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் வருவதற்குள் கிடைக்க வேண்டும். 'தேடப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு' என்று கேட்கிறது படிவம். சித்தப்பா என்று எழுதுகிறேன்.