டிஷ்யூ பாக்கெட் போட்ட பெஞ்சு

பூசை முடிஞ்சு ஓஃபிர் ரோடு மாதா கோயில்லருந்து தேக்கா மார்க்கெட்டுக்கு வர்ற வரைக்கும் என் வீட்டுக்காரர் ஜெரார்டு வாயே திறக்கல. பேசினாத்தானே நான் சண்டை போட முடியும்! ஜெரார்டுக்கு அது நல்லாத் தெரியும்.

விஷயம் இதுதான். நாங்க இனிமே பொலிவியாவுக்கு வரப்போறதில்லன்னு அங்க எங்களோட பழகின பெலிப்பா அம்மாகிட்ட இன்னைக்கு போன்ல சொல்லியாகணும். இவருக்கு இருக்கிற இதயத்துக்கு மலை மேல இருக்கிற ஊரெல்லாம் ஆகவே ஆகாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். "நீ மட்டும் போய்ட்டு வாயேன், மதலேனா"ன்னு காலையில அடுப்படியில வந்து நின்னு மனுஷன் தாராளமாச் சொல்றார். எனக்கு வந்த கோபத்துல கையில இருந்த சட்டியை டமால்னு வச்சேன். இவர் இல்லாம நான் அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறேன்? ஆனா அங்கருந்து கிளம்புற அன்னைக்கு அந்தம்மா கையைப் பிடிச்சு, "அடுத்த ஈஸ்டருக்கு வந்துடுவோம்"னு சொன்னதும் நான்தான்.

ரிட்டயர் ஆனதும் கோயில் சேவைக்குன்னு நாங்க பொலிவியாவுல இருக்கிற கொச்சபம்பாவுக்குப் போனப்ப எங்க பொங்கோல் அடுக்குமாடி பிளாக்ல சிரிக்காத ஆளில்ல. வயசான காலத்துல இதுங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு காதுபடவே பேசினாங்க. பேசட்டுமே! நடக்க முடியாதவங்க வீட்டுக்கு சூப் கொண்டுபோறது, கூட உட்கார்ந்து ஜெபமாலை சொல்றது, இதுதான் எங்க வேலை. வீடெல்லாம் மேட்டுல. போறதுக்கு மினி பஸ்தான், அதுக்கு ஸ்டாப்பும் கிடையாது, பெல்லும் கிடையாது. கையைக் காட்டினா நிக்கும், மூலையில இறக்குன்னு கத்தினா இறக்கும். காலமெல்லாம் சிங்கப்பூர்ல பஸ் ஓட்டின மனுஷனாச்சே, முதல் நாளு ஸ்டாப்பைத் தேடி வெயில்ல நின்னு நின்னு, "இதெல்லாம் ஒரு டிரைவிங்கா?"ன்னு ஒரே புலம்பல். கொஞ்ச நாள்ல பஸ்ஸுலயே சத்தமாக் கத்தினது இவர்தான். மடியில சூப் வாளி, ஜன்னல் பக்கம் பார்த்தா மலையுச்சியில கையை விரிச்சுக்கிட்டு இயேசு சிலை, பக்கத்துல இவரு. அய்யோ, அந்த நாளுங்க மாதிரி வராதுங்க.

பெலிப்பா அம்மா எனக்குக் கிடைச்சதே ஒரு கூத்து. முதல் ஞாயித்துக்கிழமை அங்க கோயில் பெஞ்சுல வழக்கம்போல டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு இடம் பிடிச்சுட்டு, மெழுகுவர்த்தி ஏத்தப் போனேன். திரும்பி வந்து பார்த்தா ரெட்டைச் சடை போட்ட ஒரு வயசானம்மா என் இடத்துலயே உட்கார்ந்து, என் பாக்கெட்டையே பிரிச்சு, மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கு! எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. பாக்கெட் இருக்கிற நாற்காலியில நம்ம சிங்கப்பூர்ல சின்னப் பிள்ளைகூட உட்காராதே! கேட்டுடலாம்னு போனா, கூட இருந்த மக டானியலா இங்கிலீஷ்ல சொன்னா: "அப்பாவை இந்த வாரம்தான் அடக்கம் பண்ணினோம். அழுறவங்களுக்காகக் கோயில்ல இதை வச்சிருக்காங்கன்னு அம்மா நெனைச்சாங்க. வச்சவங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறாங்க."

நான் அந்தம்மா பக்கத்துல போய் உட்கார்ந்தேன். பிறகு ஒரு நாள் இவர்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, அது நான் இடம் பிடிக்கப் போட்ட பாக்கெட்டுன்னு உண்மையை உளறிட்டார். அந்தம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது பாருங்க! வச்ச பாக்கெட்டை வேற யாரும் தொடக் கூடாதுன்னு நானும் எங்க ஊரு சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அதுலருந்து நாங்க முதல்ல போனா அந்தம்மாவுக்கு ஒரு பாக்கெட் போடுவோம், அது முதல்ல வந்தா எங்களுக்குப் போடும்.

தேக்காவுல மேசை கிடைச்சுது. இவர் எனக்குப் பால் தேத்தண்ணியும் தனக்குச் சீனி இல்லாத தேத்தண்ணியும் வாங்கிட்டு வந்து, போன்ல வீடியோவைப் போட்டுக் கண்ணாடி டம்ளர்ல சாய்ச்சு வச்சார். இங்க ஞாயித்துக்கிழமை காலை, அங்க இன்னும் சனிக்கிழமை ராத்திரி. பெலிப்பா அம்மா இன்னும் மெலிஞ்சிருந்துச்சு. எங்களைப் பார்த்ததும் அந்த முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. இவர் மேசைக்கடியில என் கையைப் பிடிச்சார்.

சொல்லிட்டேன். இதயம், டாக்டர், மலை எல்லாத்தையும் சொல்லிட்டேன். டானியலா மெதுவா அம்மாவுக்குச் சொன்னா. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

அப்புறம் டானியலாதான் பேசினா. "நீங்க போனதுலருந்து அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க ரெண்டு பேர் இடத்துலயும் பாக்கெட் வைக்கிறாங்க, ஆன்ட்டி. பெரிய திருநாள் கூட்டத்துலகூட யாரையும் உட்கார விட மாட்டாங்க. ஆள் இருக்குன்னு விரட்டுறாங்க."

"எடுத்துடச் சொல்லும்மா," என்றேன். "இனிமே யாராவது உட்காரட்டும். நாங்கதான் வரலையே."

இதைக் கேட்டதும் அந்தம்மா விரலை ஆட்டி என்னை அதட்டுச்சு. டானியலாவுக்கே குரல் உடைஞ்சு போச்சு. "வச்ச பாக்கெட்டை வேற யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானாம். வர முடியலைன்னா பரவாயில்லையாம். அவங்க இருக்கிற வரைக்கும் அது உங்க இடம்தானாம்."

அவ்வளவுதான், தேக்கா மார்க்கெட்டு பூராவும் பார்க்க நான் ஓன்னு அழுதுட்டேன். இவர் சட்டைப் பையில இருந்து பாக்கெட்டை எடுத்துப் பிரிச்சு எனக்கு ஒண்ணு கொடுத்தார். தனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டார், திருட்டு மனுஷன்.

போனை வச்ச பிறகும் ரெண்டு பேரும் எழுந்திருக்கல. சாப்பாட்டு நேரம் ஆச்சு, கூட்டம் ஏற ஆரம்பிச்சுது. நான் கைப்பையைத் துழாவி ஒரு புது பாக்கெட்டை எடுத்து, காலியா இருந்த மூணாவது நாற்காலியில வச்சேன். இவர் அதைப் பார்த்துட்டு, அந்த நாற்காலி முன்னால மேசையில கொஞ்சம் இடம் ஒதுக்கினார்.

பிரியாணித் தட்டோட ஒரு பொம்பளை வந்து நின்னா. பாக்கெட்டைப் பார்த்தா, எங்க ரெண்டு பேரையும் பார்த்தா. "ஆன்ட்டி, இங்க யாராச்சும் வர்றாங்களா?"

"ஆள் இருக்கு லா," என்றேன்.