கேத்தரின் படகேறிய ஞாயிறு

சனிக்கிழமை மத்தியானம் ஏரி நடுவில் மதலைமுத்துவின் படகு மறுபடியும் நின்றுபோனது. எஞ்சின் இரண்டு தடவை இருமி, உடம்பைக் குலுக்கி, அப்படியே ஊமையாகிவிட்டது. படகில் இருந்தது சிவாஜிநகரிலிருந்து வந்த புது ஜோடி. மாப்பிள்ளை துடுப்பை எடுத்துப் போட்டுத் தன் வீரத்தைக் காட்டினான், பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதலைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு இதே இடத்தில் இந்தச் சனியன் நின்றால் கேத்தரின் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

கேத்தரின் அவருடைய மனைவி. பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்குக் குடத்துக்கு மேல் தண்ணீரைக் கண்டாலே கைகால் உதறும். புருஷன் வருஷக்கணக்காக இந்த ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிறார், ஊரில் பாதிப் பேரை ஏற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார், கட்டியவள் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. கரையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சோற்றுத் தூக்கை நீட்டுவாள், "சூடா இருக்கும்போதே சாப்ட்ருங்க" என்பாள், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். "இன்னா முத்து, வீட்டம்மாவுக்கு உன் ஓட்டுமேல நம்பிக்கை இல்லையா?" என்று டிக்கெட் கொடுக்கிறவர்கூடக் கிண்டல் பண்ணுவார். மனுஷன் சிரித்து மழுப்புவார். உள்ளுக்குள் அது முள்ளாகத்தான் தைத்துக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை அவளுக்குக் காட்ட முடியவில்லையே என்று.

அப்படிப்பட்டவளை மகள் சோஃபியா எப்படியோ கரைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வெள்ளிவிழா, மாதாகோயிலில் பூசை முடிந்ததும் அப்பாகூட ஒரே ஒரு ரவுண்டு. கேத்தரினும், "சரி. ஒரே ஒரு ரவுண்டு. நடுவுல நின்னுச்சின்னு வெச்சிக்கோ, செத்தாலும் அந்த ஏரிப் பக்கம் தலைவெச்சிப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அவள் அப்பாவே அவளுக்குப் பயந்து பீடியை விட்டவர்.

மதலைமுத்து படகைக் கட்டிவிட்டு, எஞ்சின் பிளக்கைக் கழற்றிக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு ஜே.சி. ரோட்டுக்கு பஸ் ஏறினார். அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த குத்தூஸ் பாய் அவருக்குப் பழைய சிநேகிதர். பாய் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கன்னங்கரேல் என்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

"அரே முத்து, பெட்ரோல்ல எவ்ளோ ஆயில் கலக்குறே?"

"சொன்ன அளவுதான் பாய். மேல ஒரு மூடி. எஞ்சின் தெம்பா இருக்கட்டும்னு."

"அது இன்னா உன் மாப்பிள்ளையா, எலையில நெய்ய ஊத்தி உபசரிக்க?" பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்பீடு எவ்ளோ போவே?"

"மெதுவாத்தான்."

"மெதுவான்னா?"

மதலைமுத்து பிளக் சுற்றிவந்த காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார். பதில் பாய்க்கே தெரியும். போன ரம்ஜானுக்குப் பாய் பிள்ளைகளோடு அந்தப் படகில் ஏறினார், பாதி ஏரி போவதற்குள் கடைக்குட்டி தூங்கிவிட்டது.

"இது டூ ஸ்ட்ரோக். ஆயிலும் சேர்ந்துதான் எரியணும். நீ மாட்டுவண்டி மாதிரி ஓட்டுனா சூடு பத்தாது, அரைகுறையா எரிஞ்ச ஆயில் எல்லாம் பிஸ்டன் தலையில கரியா ஏறிக் குந்திக்கும். ரிங்கு ஒட்டிக்கும், புகை போற வழி அடைச்சிக்கும். அப்புறம் மூச்சு எங்கேந்து வரும்?" பாய் ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்து வைத்தார். "எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டர் வாயில இத அடி. திணறும், நிறுத்திடு. ராத்திரி ஊறட்டும். காலைல தண்ணியில விட்டு, சூடானதும் முழு வேகத்துல விரட்டு. கரி எல்லாம் பிச்சிக்கினு வரும். புகை வரும், பயப்படாதே. அப்புறம் புது பிளக் போடு." கூடவே ஒரு சின்ன பாட்டிலையும் தள்ளினார். "இத இனிமே பெட்ரோல்ல கொஞ்சம் ஊத்து, கரி சீக்கிரம் சேராது. ஆனா மருந்த மட்டும் நம்பாதே. தெனம் ஒரு தபா விரட்டணும், புரிஞ்சிதா?"

சாயங்காலம் கூட்டம் போனபிறகு பழைய பிளக்கையே திரும்ப மாட்டி, பாய் சொன்னபடியே செய்தார். எஞ்சின் வெள்ளைப் புகையாகக் கக்கித் திணறியது. நிறுத்திவிட்டு, நோயாளிக்குப் போர்த்துவதுபோல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அவர் கணக்கு சுத்தமாக இருந்தது. விடிந்ததும் வந்து தனியாக விரட்டிக் கரியை எரித்துவிடலாம், இரண்டாம் பூசைக்குக் கோயிலில் நின்றுவிடலாம், கேத்தரினுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். எஞ்சினுக்கு வைத்தியம் நடக்கிறது என்று காதில் விழுந்தால் அவ்வளவுதான், அவள் வரமாட்டாள்.

ராத்திரி சோறு போடும்போது அவள் சொன்னாள்: "மொதப் பூசையிலதான் நம்ம பேரு படிக்கிறாங்க. சீக்கிரம் எழுந்திருங்க."

பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார் மதலைமுத்து. விடியற்காலைக் கணக்கு அத்தோடு சரி.

மறுநாள் பூசை முழுக்க அவர் கோயிலில் உட்கார்ந்திருந்தாரே தவிர, மனசு படகுத்துறையில்தான் கிடந்தது. சாமியார் இருவர் பெயரையும் வாசித்து ஆசீர்வதித்தபோது கேத்தரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர், "அந்தோணியாரே, அந்தக் கரிய மட்டும் எப்டியாவது கரைச்சிடு" என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

கோயிலிலிருந்து நேரே ஏரி. கேத்தரின் அரக்குப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம், அதற்குமேல் ஒன்றல்ல, இரண்டு லைஃப் ஜாக்கெட். மூட்டை கட்டிய தலையணை மாதிரி இருந்தாள். சோஃபியா கேமராவும் கையுமாகச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். மதலைமுத்து மெல்ல ஆரம்பித்தார்.

"கேத்தி, ஒரு பத்து நிமிஷம் குந்து. நான் மட்டும் போயி ஒரு சுத்து சுத்தினு வந்துர்றேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மா, எஞ்சினு கொஞ்சம் சூடாவட்டும்."

கேத்தரின் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "ஏங்க, ராத்திரி பூரா தூங்காம தைரியத்த சேத்து வெச்சினு வந்துருக்கேன். அது பத்து நிமிஷம்லாம் தாங்காது. இப்ப ஏத்துறதுன்னா ஏத்துங்க. இல்லேன்னா உட்ருங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்? கையை நீட்டினார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காலை வைத்தாள். படகு ஆடியது. "மாதாவே!" என்று அவர் சட்டையை அவள் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது.

கயிற்றை இழுத்தார். நாலைந்து இழுப்புக்குப் பிறகு எஞ்சின் முனகிக்கொண்டு எழுந்தது. கரையைவிட்டு மெதுவாக விலகி, ஆழமான இடத்துக்கு வந்ததும் இருமத் தொடங்கியது. அதே இருமல். மதலைமுத்து கேத்தரினைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார். இப்படியே மெதுவாகப் போனால் நிச்சயம் நின்றுவிடும். விரட்டினால் இவள் பயத்தில் என்ன ஆவாளோ. நின்றுபோவதைவிடத் திட்டு வாங்குவது மேல் என்று முடிவு பண்ணி, "கெட்டியா புடிச்சிக்கோ கேத்தி" என்று சொல்லிக் கைப்பிடியை முழுசாக முறுக்கினார். இத்தனை வருஷத்தில் அதை அவர் அவ்வளவு தூரம் முறுக்கியதே இல்லை.

எஞ்சின் ஒரு நொடி மூச்சை இழுத்துப் பிடித்தது. அப்புறம் வந்தது பாருங்கள் புகை! தண்ணீருக்குள்ளிருந்து கொப்பளித்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, பொதி பொதியாக. படகு மறைந்தது, கரை மறைந்தது, வானம் மறைந்தது. கரையில் காவலாளி சிவண்ணா, "பெங்கி! பெங்கி!" என்று நெருப்பு பிடித்துவிட்டதாகவே கன்னடத்தில் கத்தினான். "அப்பா! அம்மா!" என்று சோஃபியாவின் அலறலும் கேட்டது.

புகைக்குள் கேத்தரின் ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றையும்.

"ஏங்க, தண்ணி எங்க?"

"சுத்தி எல்லாம் தண்ணிதான்."

"ஒண்ணும் தெரியலியே." சட்டையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. "காத்து மட்டும் நல்லா வருது."

அவள் தும்மினாள், இருமினாள், பிறகு யாரும் எதிர்பாராத விதமாகச் சிரித்தாள். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அதைக் கேட்டு மதலைமுத்துவும் சிரித்தார். அதற்குள் எஞ்சினின் கரகரப்பு உடைந்து, குரல் சுத்தமாகி, ஒரே சீராகப் பாட ஆரம்பித்திருந்தது. படகின் மூக்கு மேலே எழும்பியது. ஒரே பாய்ச்சலில் புகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஏரி மொத்தமும் வெயிலில் பளபளவென்று கிடந்தது. நட்டநடு ஏரி. கேத்தரின் முகத்தில் கரிப்பொட்டுகள், கனகாம்பரம் பாதி காற்றோடு போய்விட்டது. இப்போது அலறுவாள் என்று மதலைமுத்து கைப்பிடியைத் தளர்த்தப் போனார். அவள் அவர் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"இவ்ளோ பெருசா இது? வெளிய நின்னு பாத்தா தெரியலியே. இவ்ளோ வருஷமா நீங்க மட்டும் தனியா அனுபவிச்சீங்களா?"

மதலைமுத்து தலையை ஆட்டினார். கண்ணில் நீர் வந்தது. புகையால் இல்லை, சந்தோஷத்தால்தான். அவர் அதைத் துடைக்கவும் இல்லை. ஏரியை ஒரு வட்டம் அடித்து ரவுண்டு முடிந்ததும், வாக்குக் கொடுத்தபடி துறைப் பக்கம் படகைத் திருப்பினார்.

"இன்னாத்துக்குத் திருப்புறீங்க?" என்றாள் கேத்தரின்.

துறையின் கடைசிப் படியில், முட்டிவரை தண்ணீரில் இறங்கி, இரண்டு கையிலும் மணல் வாளியோடு சிவண்ணா நின்றிருந்தான். பின்னால் சோஃபியா, கேமராவைத் தூக்கவும் மறந்து. படகு வேகம் குறையாமல் அவர்கள் முன்னால் ஓர் அரைவட்டம் அடித்தது. கேத்தரின் ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டே போனாள். அவர்கள் எழுப்பிய அலை வந்து படியில் மோதியது. இடுப்புவரை நனைந்த சிவண்ணா, வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல், திறந்த வாய் திறந்தபடி, தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போகும் அரக்குப் பட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.