மெசேஜ் வராத மழை

காளீஸ்வரன் கோவில்பட்டியில் இருந்து எழுதிய புரோகிராம், மழை வருமென்றால் பக்கத்துக் கிராமமான இடைசெவலில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அது நம்பியிருந்த, யார் யாரோ இலவசமாக எழுதித் தரும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பின் புதிய பதிப்பைக் காலையில் போட்டான். பழைய கட்டளை ஒன்றை அதில் நீக்கியிருந்தார்கள், புரோகிராம் நின்றுபோனது. வருஷந்தோறும் இதே கூத்து. திருத்திக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டியது.

இடைசெவல் ரோட்டில் உளுந்து காயப்போட்டிருந்த சித்தி சொர்ணத்தாயைப் போனில் கூப்பிட்டான்.

"சித்தி, மழை வருது, அள்ளுங்க!"

"போலே, மெசேஜ் வரலையே. வந்தா அள்ளுதோம்."

"அதுதான் கெட்டுப்போச்சு!"

"ஒன் வாய்தாம்லே கெட்டுப்போச்சு. மிஷினு பொய் சொல்லாது."

திருத்துவதை அப்படியே விட்டுவிட்டு, வழக்கமாக மெசேஜ் போகும் எண்ணிலிருந்து 'மழை வருது' என்று எல்லோருக்கும் கையாலேயே தட்டி அனுப்பினான்.

சித்தி உடனே அழைத்தாள். "இப்பம் மெசேஜ் வந்திட்டு, பாத்தியா? அள்ளுதோம்!"

அவள் குரலுக்குப் பின்னால் தூறல் விழும் சத்தம் கேட்டது.