ஃபெத்து கேட்ட ஏலம்

ஏலத்துக்கு வந்த வீட்டைப் படுக்கையறை வரை போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் முன்புறப் புல்தரைக்குத் திரும்பியிருந்தார்கள். ஏலம் விடுகிறவர் தொண்டையைச் செருமினார். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஃபெத்து, தபால் பெட்டியை ஒட்டி நின்றாள். குடியிருக்க நினைப்பவர் வாங்கினால் அவளும் கணவன் தவீதாவும் மூன்று பிள்ளைகளும் வெளியே போக வேண்டும். வாடகைக்கு விடுகிறவர் வாங்கினால் இருக்கலாம்.

கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒருவர் வார்விக், ஏற்கெனவே நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர். இன்னொருவன் கையைத் தூக்கியபோதுதான் ஃபெத்து அவன் முகத்தைப் பார்த்தாள். கிராண்ட். பக்கத்து வீட்டு நோலீனின் மகன்.

நோலீன் அவன் அருகிலேயே நின்றாள். ஞாயிறுதோறும் ஃபெத்து வேலிக்கு மேலாக நீட்டும் சாப்பசூயி நூடுல்ஸ் கிண்ணத்தை வாங்கிக்கொள்பவள்.

"ஒரு வார்த்தை சொல்லலையே, நோலீன்."

"எப்படிடி சொல்றது? அவனும் ஆக்லாந்து வாடகையில அல்லாடுறான். என் வீட்டை ஈடு காட்டினதாலதான் பேங்க்ல கடன் தர்றான்."

"உங்க பென்ஷனை வச்சா?"

"அது உங்க ரெண்டு பேர் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு தேறாது. பேங்க் அதையா பாக்குது?"

ஆஸ்பத்திரித் துப்புரவில் ஃபெத்துவின் சம்பளமும் விமான நிலையக் கிடங்கில் தவீதாவின் சம்பளமும் சேர்ந்து வாரம் ஆயிரத்து எண்ணூறு டாலர். அதே பேங்கில் அவர்கள் கடன் கேட்டுப் போனபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

"எட்டு லட்சத்துப் பத்தாயிரம்," என்றான் கிராண்ட்.

வார்விக் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஃபெத்து அவரிடம் போனாள்.

"நான் இங்க குடியிருக்கேன். ஒரு வாரம்கூட வாடகை நின்னதில்ல."

"சந்தோஷம். ஆனா இந்த விலைக்கு இப்ப நீங்க தர்ற வாரம் அறுநூத்தம்பது வாடகை கட்டுபடியாகாதும்மா."

"எழுநூறு தர்றோம்."

அவர் கை உயர்ந்தது. எட்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். கிராண்ட் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். இருபதாயிரம்.

வார்விக் கை தூக்காமல் ஃபெத்துவைப் பார்த்தார்.

"எவ்வளவுன்னு சொல்லுங்க."

"நான் வாயைத் திறந்து கேக்க மாட்டேன். கூடத் தரச் சொல்லி நான் கேட்டா சட்டப்படி தப்பு, நாளைக்கு வம்பு. நீங்களா சொன்னா சரி."

"முதல் தரம்," என்றார் ஏலக்காரர். தவீதா கார் கொட்டகை வாசலில் கைகட்டி நின்றான். கூப்பிட்டால் கேட்காத தூரம்.

"இரண்டாம் தரம்..."

"எழுநூத்து முப்பது," என்றாள் ஃபெத்து.

வார்விக் கை தூக்கினார். இருபத்தைந்தாயிரம்.

"அந்தாளுகிட்ட என்ன பேசுற?" நோலீனின் குரல் புல்தரை முழுக்கக் கேட்டது.

"வாடகை."

"என் பிள்ளைக்கு எதிராவா?"

"என் பிள்ளைங்களுக்காக."

நோலீன் மகனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். கிராண்ட் முடியாதென்று தலையை அசைத்தான். அதற்கு மேல் பேங்க் தராது. மூன்றாம் தரத்தில் வீடு வார்விக்குக்கு விழுந்ததும் தெருக்காரர்கள் கை தட்டினார்கள். தங்கள் வீட்டு விலையும் ஏறியிருக்கிறது அல்லவா.

வார்விக் ஒரு அட்டையை நீட்டினார். "மின்னஞ்சல் அனுப்பிடுங்க. நீங்களா விரும்பித் தர்றதா எழுதுங்க."

தவீதா வந்தான். "எவ்வளவு?"

"வாரத்துக்கு எண்பது கூட."

"என்னைக் கேட்டியா?"

"நேரம் எங்க இருந்துச்சு? சனிக்கிழமை ஷிப்ட் எடுத்துக்கறேன்."

"அஞ்சு நாளுக்கே ராத்திரி முதுகைப் பிடிச்சுவிடச் சொல்ற. பெரிய பயில்வான்."

அவள் படியில் உட்கார்ந்து போனில் மின்னஞ்சலை எழுதினாள். அடியில் தன் பெயரைப் போட்டாள். பக்கத்து வீட்டில் கதவு அறைந்து சாத்தப்பட்டது. அவள் விரல் நின்றது.

தவீதா அருகில் உட்கார்ந்து போனை வாங்கினான். கோபம் இன்னும் அவன் தாடையில் இருந்தது.

"ரெண்டு பேர் சம்பளம். ஒரு பேரைப் போட்டா எப்படி?" தன் பெயரையும் சேர்த்தான். "ஒரு சனி நீ போ, ஒரு சனி நான் போறேன்."

அவளைப் பார்க்காமலே அனுப்பினான்.