லைவில் வந்த மொய்

யாரிடமும் வாங்கினது வாங்கினபடி இருப்பது பாஞ்சாலைக்குப் பிடிக்காது. அன்பாகக் கொடுத்ததாக இருந்தாலும் திருப்பிச் செய்துவிட வேண்டும். கல்யாண மொய்யை அப்படித்தான் செய்தாள், காதுகுத்து மொய்யை அப்படித்தான் செய்தாள். அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செல்போனில் வந்த ரோஜாப்பூவையும் மொய்யாக நினைத்தாளே, அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது!

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குச் சாயம் பூசுகிற வேலை அவளுக்கு. கணவன் மாயவன் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து ஒரு வீடியோ ஆப்பில் லைவ் போடுவாள். குழம்பு கூட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். கேட்க உட்கார்ந்தவர்கள் எழுந்து போக மாட்டார்கள். பார்க்கிறவர்கள் ரோஜா அனுப்புவார்கள், கிரீடம் அனுப்புவார்கள். எல்லாம் வெறும் படம்தான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலை உண்டு, அது அவள் கணக்கில் ஏறும்.

அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போலவே லைவ் போடுகிற பெண்கள். அவர்கள் வீட்டில் பிறந்தநாள், மஞ்சள்நீர் என்று ஏதாவது வந்தால், வாங்கியதற்கு மேல் ஒரு ரோஜா கூட்டியே பாஞ்சாலை திருப்பி அனுப்புவாள். கைப்பணத்தைப் போடவில்லை, தன் கணக்கில் ஏறியதிலிருந்துதான் அனுப்பினாள். ஸ்ரீமுஷ்ணம் ஜெயஸ்ரீயும் அவளும் இப்படியே மாற்றி மாற்றிச் செய்துகொண்டார்கள். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஆனாலும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி.

பணத்தை மட்டும் பாஞ்சாலை வெளியே எடுக்கவே இல்லை. கைக்கு வந்தால் கரைந்துவிடும் என்ற பயம். போனில் 'இதுவரை வந்தது' என்று ஒரு தொகை காட்டும். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவாள். அது ஒரு லட்சத்தைத் தாண்டிய அன்று மகள் தமிழினியைக் கூப்பிட்டாள்.

"நர்சிங் படிக்கணும்னு சொன்னியே, சேருடி. பணம் இருக்குது."

"நெசமாவாம்மா? அப்ப கவர்மெண்ட் காலேஜில பி.ஏ.வுக்குக் கெடச்ச சீட்டு?"

"அத வேணாம்னு சொல்லிடு. உனக்குப் புடிச்சதப் படி."

தமிழினி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரசுக் கல்லூரி இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அது அன்றைக்கே வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. தனியார் நர்சிங் கல்லூரியில் ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பணத்தை எடுக்க இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள்.

கடைக்காரன் பழமலைநாதன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "அக்கா, எடுக்கறதுக்கு நாலாயிரத்துச் சொச்சந்தான் இருக்குது."

"சரியாப் பாருங்க தம்பி. ஒரு லட்சத்துக்கு மேல காட்டுதே!"

"அது மொதல்லேர்ந்து வந்ததோட மொத்தம்கா. அதுல பாதிய ஆப்காரனே எடுத்துக்குவான். மீதிய நீங்க மத்தவங்களுக்கு அனுப்பிட்டீங்க. அவங்ககிட்டயும் பாதி எடுப்பான். அவங்க உங்களுக்குத் திருப்பி அனுப்பனா மறுபடியும் பாதி. நீங்க மாத்தி மாத்திச் செஞ்சதுல அவன் வயிறுதான் ரொம்பியிருக்கு. இந்த நாலாயிரமும் கைக்கு வர ஒரு வாரம் ஆவும்."

பாஞ்சாலை போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பாவி, முன்பே யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! தமிழினி அம்மாவின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தாள். பாஞ்சாலைக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் மானத்தை விட்டு ஜெயஸ்ரீக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லிக் கடன் கேட்டாள்.

"எங்கிட்டயும் ஒண்ணும் இல்லக்கா," என்றாள் ஜெயஸ்ரீ. "எங்க வூட்டுக்காரருக்குக் கால் ஆபரேஷன். பணம் எடுக்கப் போயி நேத்துதான் நானும் தெரிஞ்சிக்கிட்டேன். உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன்." இரண்டு பேரும் போனிலேயே அழுதார்கள்.

மற்றவர்களாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்று அன்று சாயங்காலம் பாஞ்சாலை லைவ் போட்டாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "எம்பொண்ணு படிப்பு போச்சுங்க. என்னால போச்சு. நீங்களாவது கணக்கப் பாருங்க," என்றாள்.

அவ்வளவுதான். மகள் படிப்பு போச்சு என்ற சொல் காதில் விழுந்ததும் ரோஜாக்கள் வந்து விழ ஆரம்பித்தன. கிரீடம் வந்தது, சிங்கம் வந்தது. சேலத்துக்காரி அனுப்பினாள், மணப்பாறைக்காரி அனுப்பினாள்.

"ஐயோ, அனுப்பாதீங்க! பாதி போயிடும், அனுப்பாதீங்க!" என்று பாஞ்சாலை கும்பிட்டாள். கும்பிடக் கும்பிட இன்னும் வந்தது. ஜெயஸ்ரீயின் பேரும் வந்தது. எல்லாம் தெரிந்தவள், மிச்சமிருந்த கொஞ்சத்தையும் துடைத்து அனுப்பியிருந்தாள்.

தமிழினி வந்து லைவை நிறுத்தினாள். பேர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். முடியவே இல்லை.

"இத்தன பேருக்கும் எப்படிம்மா திருப்பிச் செய்வ?"

"செஞ்சுதான ஆவணும்," என்றாள் பாஞ்சாலை.

தமிழினி போனை அம்மாவின் மடியில் வைத்தாள். "நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு. திங்கக்கெழமையிலேர்ந்து நானும் உங்கூட வேலைக்கு வரேன்."