சர்வீசுக்குப் போன கார்

கோம்பையில் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிலேயே, பஸ்ஸுக்கு நிற்காதவர் போல நிற்கக்கூடியவர் ஒருவர் உண்டு. தேங்காய்த் தரகர் அழகர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஆறு பவுன் சங்கிலி, கையில் மஞ்சள் பை. யாராவது பார்த்துவிட்டால் "கார் சர்வீசுக்குப் போயிருக்கு" என்பார். பார்க்காதவர்களிடம் கூப்பிட்டுச் சொல்வார்.

முதல் மாதம் கார் மதுரையில் சர்வீசில் இருந்தது. இரண்டாம் மாதம் அதற்கு ஒரு சாமான் சென்னையிலிருந்து வரவேண்டியிருந்தது. மூன்றாம் மாதம் அந்தச் சாமான் ஜப்பானில் கப்பல் ஏறிவிட்டது. டீக்கடைச் சுருளி தினமும் அக்கறையாக, கப்பல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று விசாரிப்பான்.

உண்மையில் கார் எங்கும் சர்வீசுக்குப் போகவில்லை. ஆறு மாதத் தவணை கட்டாததால் தேனி ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். 2007-ல் கார் வாங்கியதிலிருந்தே அழகர் தோப்புக்குள் இறங்குவதை நிறுத்தியிருந்தார். கார்க்காரர் மரத்தடியில் நின்று காய் எண்ணுவது மரியாதையாக இருக்காது என்று அவருக்கே தோன்றிவிட்டது. எண்ணாத தரகருக்கு எவன் கமிஷன் கொடுப்பான்?

வண்டியை எடுக்க வந்த இரண்டு பேருக்கும் அவர் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார். அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. இந்தப் பக்கத்தில் நிலத்தை ஒத்திக்கு விட்டால், கடன் கொடுத்தவன் நிலத்தை வைத்து அனுபவிப்பான். வட்டி என்று வந்து கதவைத் தட்டமாட்டான். காரும் அதுபோலத்தானே? பொருள் அவன் கையில், பேச்சு முடிந்தது. அதன்பிறகு வந்த ரிஜிஸ்டர் தபால்களை எல்லாம், முடிந்துபோன விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று பிரிக்காமலே பீரோவுக்கு மேல் போட்டுவைத்தார்.

அந்தப் பீரோ நிம்மதியைக் கலைத்தது அவருடைய தங்கை முத்துமாரியம்மாள். புருஷன் பேச்சிமுத்துவை முன்னால் நடக்கவிட்டு, சுருளிப்பட்டியிலிருந்து வந்து இறங்கினாள். காற்றிலும் மழையிலும் அவர்களுடைய திராட்சைப் பந்தல் படுத்துவிட்டிருந்தது. கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு முன்னால் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷ விளைச்சல் போச்சு. பேங்கில் கடன் கேட்டால், மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் பேரில் கார் கடன் பாக்கி நிற்கிறதே என்றாராம்.

"கார்க் கடனா? எங்க வீட்ல சைக்கிளே இல்லையேன்னு சொல்லிட்டு வந்திருக்காக" என்றாள் முத்துமாரியம்மாள். "ஏண்ணே, இவுக அந்தக் கார்ல ஒரு நாளாச்சும் முன்சீட்டுல உக்காந்திருக்காகளா?"

பேச்சிமுத்து ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். மச்சான் நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்த்தால் சம்பந்தத்தையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அந்தக் குடும்பத்து நாகரிகம். அதனால் நாலு பக்கத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்திட்டவர் அவர். தனக்கு வந்த தபால்களையும் மச்சான் சமாச்சாரம் என்று பிரிக்காமல் அழகரிடமே சேர்த்திருந்தார். பீரோவுக்கு மேலிருந்த குவியலில் பாதி அவருடைய உபயம்.

மூன்று பேரும் தேனிக்குப் போனார்கள். ஃபைனான்ஸ் ஆபீசில் ஜெபராணி என்ற பெண் பொறுமையாக ஃபைலை விரித்தாள். காரை ஏலத்தில் விற்றாயிற்று. வந்த பணம் கடனுக்குப் போதவில்லை. வண்டி நின்ற இடத்துக்கு வாடகையும் சேர்த்து இன்னும் எழுபதாயிரம் நிற்கிறது.

"நின்ன வண்டிக்கு வாடகையா?" என்றார் அழகர். பிறகு தன் ஒத்திக் கணக்கை விளக்கினார்.

"ஒத்தி நெலத்துக்கு சார்" என்றாள் ஜெபராணி. "நெலம் தேயாது. கார் ஷோரூம் வாசலத் தாண்டுனதுமே தேய ஆரம்பிச்சிரும். ஏலத்துக்கு முன்னாடி உங்களுக்கு டயம் குடுத்து லெட்டர் போட்டோம். நல்ல வெலைக்கு ஆள் இருந்தா நீங்களே கூட்டிட்டு வாங்கன்னு அதுலயே எழுதியிருந்துச்சு."

அழகருக்குப் பீரோ ஞாபகம் வந்தது. கொஞ்சம் குறைத்து முடித்துக்கொள்ளலாமா என்று இழுத்தார். முடிக்கலாம், ஆனால் குறைத்துத்தான் முடித்தார்கள் என்று இரண்டு பேர் பேரிலும் பதிவாகும், பேங்கில் யோசிப்பார்கள் என்றாள் அவள். முழுசாகக் கட்டினால் பாக்கியில்லை என்று கடிதம் தருவார்கள், ஜாமீன்தாரர் அதைக் காட்டலாம். அழகர் தவணை தப்பியது மட்டும் சில வருஷத்துக்கு அவர் பேரோடு இருக்கும்.

பேச்சிமுத்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, பந்தலுக்கு வாங்கிய பழைய கம்பிச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அது அழகர் காதில் விழுந்தது. அவர் பஸ் ஏறவில்லை. நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தார்.

மறுநாள் காலை, பழைய கைலியும் கசங்கின சட்டையுமாகத் தோப்புக்குக் கிளம்பியவரைச் சுருளி ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னண்ணே, சங்கிலியும் சர்வீசுக்குப் போயிருக்கா?"

கடையில் இருந்தவர்கள் டம்ளருக்குள் சிரித்தார்கள். அழகர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வித்துட்டேன்டா. காரத் தூக்கிட்டுப் போயிட்டாக. மூணு மாசமாச்சு."

"அது தெரியும்ணே" என்றான் சுருளி. "எடுக்க வந்தவுக இங்கன டீ குடிச்சிட்டுத்தான் உங்க வீட்டுக்கு வழி கேட்டாக. நீங்க கப்பல் விட்டீகளா, கேக்க நல்லாருந்துச்சு. அதான் யாரும் கரையேத்தல."

ஊரையே மூன்று மாதம் ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்த மனிதர், ஊருக்கு மூன்று மாதம் இலவசமாகப் பொழுதுபோக்குக் காட்டியிருக்கிறார். அழகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத் தோப்பில் இரண்டாயிரம் காய் எண்ணினார். இடுப்பு மட்டும் ஒத்துழைக்க மறுத்தது.

சங்கிலி விற்ற பணத்தைக் கட்டியதும் பாக்கியில்லை என்ற கடிதம் வந்தது. மேனேஜர் அதை இரண்டு தடவை படித்து, மேலிடத்துக்குப் பேசி, பந்தல் கடனுக்குச் சரி என்றார். கவாத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார்கள். பேச்சிமுத்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது. பென்சில் புள்ளி வைத்த இடத்தில் போட்டால் போதும் என்று கிளார்க் முனகினார்.

கூட வந்திருந்த அழகர் எழுந்து நின்றார். கூட்டத்தைக் கண்டால் அவருக்குப் பேச்சு தானாக வரும்.

"படிக்கட்டும் சார். வண்டியத் தூக்கிட்டுப் போனா கடனும் கூடவே போயிரும்னு நெனச்சவன் நான். வண்டி மட்டுந்தான் போகும். கடன் நம்ம வீட்டுலயே கெடக்கும். நாம கண்ண மூடிக்கிட்டா, நம்மள நம்பிக் கையெழுத்துப் போட்டவன் வீட்டுக்கு நடக்கும். வந்த தபாலப் பிரிங்க. கட்ட முடியலைன்னா ஓடிப்போயி அவுககிட்டயே சொல்லுங்க. சொந்தக்காரன் நீட்டுனாலும் படிச்சுட்டுப் போடுங்க. அது மரியாதைக் கொறச்சல் இல்ல, அதுதான் மரியாதை. இன்னொன்னும் சொல்றேன்..."

பேச்சிமுத்து தலை நிமிராமலே சொன்னார்:

"மச்சான், மூணாம் பக்கத்துல இருக்கேன். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."